இளவரசியோடு மதியச் சாப்பாடு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டிக்கெட் போட்டாயிற்று. காலாண்டு லீவில் சிங்கப்பூர். கோவையிலிருந்து நேர் விமானம். லக்ஷிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்கூல் வேன் டிரைவர் வரைக்கும் தெரிந்துவிடும்.

கோகுல் சோபாவில் படுத்துக்கொண்டு அங்கே இருக்கும் தீம் பார்க்கின் ரோலர் கோஸ்டர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறார். நான் அதே பார்க்கின் உணவகப் பக்கங்களில் இருக்கிறேன். பர்கர் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

"சிந்து, நாம போற தேதி நவராத்திரியாச்சே" என்றார் திடீரென்று.

"லீவு அப்பத்தானே விடறாங்க" என்றேன்.

உண்மைதானே. லீவு அப்போதுதான் விடுகிறார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. நங்கை மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். நங்கை என்றால் கோகுலின் அக்கா, உமா. அவருடைய வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, மகன் ஹாஸ்டலில். அதனால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பார். முன்பெல்லாம் சதுர்த்திக்கு ஒரு போசி நிறையக் கொழுக்கட்டை வரும். இந்தத் தடவை பூவும் ஒரு தேங்காயும் மட்டும் கொண்டுவந்தார்.

டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கொலு?"

"இந்த வருஷம் நாங்க இருக்க மாட்டோமுங்க நங்கை."

"பாப்பா இல்லாத வூட்ல நான் யாருக்குக் கண்ணு பொம்மை அடுக்கறது?" என்றார். பிறகு அவரே, "நானும் வர்றேன். எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லு அவனை" என்றார்.

என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. போன வருஷம் அவர் வீட்டுக் கொலுவில் நடந்ததைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 30, சனி

எல்லா உணவகங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். 'என் மகளுக்கு ஐந்து வயது. நிலக்கடலை ஒவ்வாமை, கடுமையானது. கடலை எண்ணெய், கடலைப் பொடி, கடலை பட்ட கரண்டி எதுவும் ஆகாது.' கரண்டி என்ற இடத்தில் கோகுல் சிரித்தார்.

"டூர் போறமா, ராணுவ நடவடிக்கைக்குப் போறமா?"

"நீங்க சிரிங்க. உங்களுக்கென்ன."

சிரிப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

பதில்கள் வந்துவிட்டன. எல்லாமே மரியாதையான பதில்கள். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: 'எங்கள் சமையலறையில் நிலக்கடலை கையாளப்படுவதால், முழு உத்தரவாதம் தர இயலாது.'

திரும்பத் திரும்பப் படித்தேன். உத்தரவாதம் தருகிறோம் என்று ஒருவராவது எழுதியிருந்தால் நம்பியிருப்பேனா, தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

மேஜைகள் பதிவு செய்யும் நாள். ஒன்பது மணிக்குத் திறப்போம் என்று போட்டிருந்தார்கள். இட்லி ஊற்றி வைத்துவிட்டு, குளித்து, சரியாக ஒன்பதுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'இளவரசியோடு மதியச் சாப்பாடு' முழுவதும் முடிந்திருந்தது. அவர்களுடைய ஒன்பது நமக்கு ஆறரை. எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன். இரண்டு வாரமாகப் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன். இது தோன்றவில்லை.

அழுதேன். லக்ஷி வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "நான் எதுவும் சாப்பிடலைமா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. குழந்தைகள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மதியம் யாரோ ரத்து செய்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்கு நான்கு இருக்கை கிடைத்துவிட்டது. நிம்மதி.

செப்டம்பர் 9, செவ்வாய்

லக்ஷிக்குச் சிங்கப்பூர் போவதைச் சொல்லியாயிற்று. இளவரசியோடு சாப்பிடப் போகிறோம் என்றேன். "இளவரசி கை கழுவியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இந்த வயதில் இவ்வளவு கவனம் எந்தக் குழந்தைக்கு வரும்.

செப்டம்பர் 12, வெள்ளி

பள்ளியிலிருந்து மிஸ் கூப்பிட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு லக்ஷியைத் தனி பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னது நான்தான், ஜூனில். மற்ற பிள்ளைகள் கடலை மிட்டாய் கொண்டுவருவார்கள்.

"மேடம், அவ டிபனைச் சாப்பிடறதே இல்லீங்க. திறந்து, முகர்ந்து பாத்துட்டு மூடிடறா."

"அவளுக்கு எச்சரிக்கை அதிகமுங்க மிஸ்."

மிஸ் என்னையே பார்த்தார். சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை. "எச்சரிக்கைன்னா கொஞ்சமாவது உள்ள போகோணுமல்லங்க?" என்றார்.

டப்பா திரும்பி வருவது எனக்கும் தெரியும். பயணம் முடிந்ததும் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாப்பாட்டுத் திட்டம் முடிந்தது. காலை ஹோட்டல் அறையில்: அவல், பால், வாழைப்பழம். மதியம் பார்க்கில், பதிவு செய்த மேஜை. மாலை, கையில் கொண்டுபோகும் முறுக்கு. தேங்காய் எண்ணெயில் நானே சுடுவது. இரவு திரும்ப அறை. எங்கள் வீட்டில் கடலை எண்ணெய் நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொங்குநாட்டுக்காரனைத் தேங்காய் எண்ணெயில் தோசை தின்ன வைத்துவிட்டாய் என்று கோகுல் மாதம் ஒரு தடவையாவது சொல்வார்.

லக்ஷி பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தாள். கரடிக்கு ஊட்டினாள். கொஞ்ச நேரம் அதன் முகத்தையே பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து அதன் தொடையில் அழுத்திப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினாள்.

ஊசி போடும் இடம் சரியாகத் தெரிந்திருக்கிறது. அவசரத்துக்கு உதவும்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் கறி கிடையாது. முட்டையும் போயிற்று. அவள் கொஞ்சமாவது தின்றுகொண்டிருந்தது அவித்த முட்டை ஒன்றுதான். நங்கை, "குழந்தைக்கு என்ன புரட்டாசி? நீ அவிச்சுக் குடு, பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றார். அவித்தேன். லக்ஷி முட்டையை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எந்தச் சட்டில வச்சீங்க?"

செப்டம்பர் 20, சனி

டாக்டரிடம் போனோம், பயணத்துக்குச் சான்றிதழ் வாங்க. அட்ரினலின் ஊசி இரண்டு எடுத்துப் போகிறோம், விமானத்தில் கேட்டால் காட்ட வேண்டும். சான்றிதழ் கொடுத்துவிட்டு அவளை எடை பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு, பழைய சீட்டையும் எடுத்துப் பார்த்தார்.

"ஜனவரில இதைவிட அதிகமா இருந்தா."

"வளர்றாளுங்க டாக்டர், உயரமாயிட்டா."

"ஒரு கடலை மட்டுந்தான் அவளுக்கு ஆகாது. அது அவளுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். திரும்பி வரும்போது கோகுல்தான் வண்டி ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, "சிந்து, நாம டூரை..." என்று ஆரம்பித்தார். பச்சை விழுந்துவிட்டது.

பாவாடை இடுப்பில் ஊக்கு போட வேண்டியிருக்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். எதிர்வீட்டு நளினி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். கதவிடுக்கு வழியாகத் தாளிக்கும் வாசனை வந்தது. லக்ஷி ஓடிப்போய் பாத்ரூமில் நின்றுகொண்டாள்.

நினைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வருஷம் நங்கை வீட்டில் மொச்சைச் சுண்டல். மேலே வறுத்த கடலையைப் பொடித்துத் தூவியிருந்தார், வருஷாவருஷம் தூவுவதுபோல. கடலை அவளுக்கு ஆகாது என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. நங்கை ஒரு வாய் ஊட்டினார். உதடு வீங்கியது. பட்டுப்பாவாடையோடு அவளைத் தூக்கிக்கொண்டு கோகுல் படியில் ஓடினார். லிஃப்டில் கொலு பார்க்க வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள்.

போதும்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூட்டை கட்டும் நாள். நங்கையின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. உள்ளே பிரிக்காத அட்டைப் பெட்டியில் ஒரு சின்ன மின்சாரக் குக்கர். புதுக் கரண்டி. புதுத் தட்டு, ஒட்டிய ஸ்டிக்கர்கூட எடுக்கவில்லை. பச்சைப்பயறு ஒரு பொட்டலம், தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில், சீல் உடைக்காதது.

"இதெல்லாம் எதுக்குங்க? நான்தான் எல்லா வேளைக்கும் திட்டம் போட்டிருக்கேனே."

"போட்டிருக்கே கண்ணு. இது சும்மா கெடக்கட்டும்."

அவர் லக்ஷிக்குக் கையால் ஒன்றும் கொடுப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழைப்பழம்கூட. மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்க்கத் தேவையில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

சிங்கப்பூர். நேற்று விமானத்தில் இருக்கை, கைப்பிடி, ஜன்னல் எல்லாம் துடைத்தேன். பக்கத்து வரிசை மாமி, "ஏம்மா, பிளேனையே வாங்கிட்டியா?" என்று கேட்டார். நங்கை அவரைப் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு அந்த மாமி வாயே திறக்கவில்லை.

இன்று கடற்கரை, நீர்ச்சறுக்கு. அவல் கொடுத்தேன். இரண்டு வாய். முறுக்கு, ஒரு துண்டு, அதையும் கரடிக்குக் கொடுத்தாள். தண்ணீர் நிறையக் குடிக்கிறாள். வெயில்.

நாளை இளவரசி.

செப்டம்பர் 29, திங்கள்

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை.

அரண்மனை மாதிரி கட்டிய கூடம். மேஜைக்கு மேஜை கொடி. நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சமையல் தலைவர் தானே வெளியே வந்தார், வெள்ளைத் தொப்பியோடு. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், ஊதா நிறத் தட்டு. ஊதாத் தட்டு ஒவ்வாமைக்காரர்களுக்கு மட்டும் என்று விளக்கினார். மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்து எங்கள் முன்னால் பிரித்தார். சாதம், பருப்பு, வேகவைத்த காரட், பொரித்த உருளைக்கிழங்கு. ஒரு மாதமாக நான் கனவு கண்டது இந்தத் தட்டைத்தான்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

"பாப்பா, அங்கிள் பாவம், உனக்குன்னே செஞ்சிருக்காரு" என்றார் கோகுல்.

தலையாட்டினாள். வாய் திறக்கவில்லை.

"ஒரு உருளைக்கிழங்கு. ஒண்ணே ஒண்ணு. அம்மா எத்தனை பேருக்கு லெட்டர் போட்டு..." என்றேன்.

"எனக்குப் பசிக்கலமா."

அப்போது இளவரசி வந்தாள். நீலப் பாவாடை, கிரீடம். எல்லா மேஜையிலும் குழந்தைகள் கத்துகிறார்கள். எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, லக்ஷியின் கையைப் பிடித்து, உன் பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள்.

லக்ஷி கையை இழுத்துக்கொண்டாள். பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, நான் சொல்லிக்கொடுத்திருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்:

"ஐ ஹேவ் பீநட் அலர்ஜி."

இளவரசி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கிரீடம் லேசாகச் சரிந்தது. நங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். கோகுல் தட்டிலிருந்த ஆறிப்போன உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். யாராவது தின்ன வேண்டுமே.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றோம். வெயில் இல்லை, மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. லக்ஷி என் முழங்காலில் சாய்ந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கீழே சரிந்துவிட்டாள்.

நான் ஊசியை எடுத்துவிட்டேன். மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். நங்கைதான் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வீக்கமில்ல கண்ணு. பாரு. தடிப்பில்ல. மூச்சு நல்லா வருது. அது இல்ல இது." அவர் குரலில் நடுக்கமே இல்லை. அவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்கும்தான் தெரியும். ஆனால் கை கேட்கவில்லை.

பார்க்கின் முதலுதவி அறை. வெள்ளைச் சுவர், சின்னக் கட்டில். நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். குறைவாக இருந்தது. குளுகோஸ் கொடுத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு, அரைக் கண்ணில் கிடந்தபடியே லக்ஷி, "இதுல இருக்கா?" என்று கேட்டாள். இல்லை, சர்க்கரைத் தண்ணீர்தான் என்று கோகுல் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகு உறிஞ்சினாள்.

"நேற்றிலிருந்து என்ன சாப்பிட்டாள்?" என்று நர்ஸ் கேட்டார்.

நான் போனைத் திறந்து சாப்பாட்டுத் திட்டத்தைக் காட்டினேன். காலை அவல், பால், பழம். மதியம் அரண்மனை. மாலை...

அவர் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "இது நீங்கள் ஏற்பாடு செய்தது" என்றார், மெதுவாகத்தான். "அவள் என்ன சாப்பிட்டாள்?"

கட்டிலிலிருந்து லக்ஷிதான் பதில் சொன்னாள், தமிழில், கூரையைப் பார்த்தபடி.

"நான் சாப்பிட்டா அம்மா என்னையே பாப்பாங்க. அம்மா மூஞ்சி அப்ப வேற மாதிரி ஆயிரும். அதான்."

நர்ஸுக்குத் தமிழ் புரியவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானமே ஹோட்டலுக்கு வந்துவிட்டோம். பால் கொஞ்சம் குடித்துத் தூங்கினாள். நானும் பக்கத்தில் படுத்திருந்தேன். விழித்தபோது ஜன்னலில் மஞ்சள் வெயில் மிச்சமிருந்தது. எங்கள் அறைக்கும் நங்கையின் அறைக்கும் நடுவில் இருந்த கதவு திறந்திருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை.

நங்கை எங்கள் மூன்று பெட்டிகளையும் படியாக அடுக்கியிருந்தார், பெரிதின்மேல் நடுத்தரம், அதன்மேல் சிறிது. மேலே அவருடைய அரக்குப் பட்டுச்சேலை. படிகளில் பார்க் கடையில் வாங்கிய டைனோசர், கப்பற்கொள்ளைக்காரன், இளவரசி. ஹோட்டலில் கொடுத்த சோப்பு, பார்க் வரைபடத்தில் செய்த ஒரு கோபுரம். உச்சிப்படியில் லக்ஷியின் கரடி. சின்ன அகல் ஒன்று, தீப்பிடிக்கும் என்று பயந்து ஏற்றாமல் எண்ணெய் மட்டும் ஊற்றி வைத்திருந்தார்.

"வருசம் விட்டுப்போகக் கூடாதுன்னுதான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

கீழ்ப்படியில் புதுத்தட்டு. அதில் பச்சைப்பயறுச் சுண்டல், தேங்காய் எண்ணெயில் தாளித்தது.

தட்டை எடுக்கப் போனேன். சத்தியமாக எடுத்துக் கொட்டத்தான் போனேன்.

"நான் அவளுக்குக் குடுக்கலே கண்ணு" என்றார் நங்கை. அவர் அறையின் மூலைக்குப் போய், தரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சாமிக்கு வச்சேன். இனி நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

ஒரு வருஷத்தில் இதைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

லக்ஷி எழுந்து வந்திருந்தாள். கொலுவைப் பார்த்துச் சிரித்தாள், டைனோசர் நவராத்திரிக்கு வந்துவிட்டது என்று. கரடியை இறக்கி அதன் வாயில் ஒரு பயறை வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள். கரடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிடுங்கம்மா."

அப்போதுதான் ஞாபகம் வந்தது, நானும் நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். உப்பு சரியாக இருந்தது. நங்கையின் கை உப்பு எப்போதும் சரியாக இருக்கும்.

லக்ஷி ஒரே ஒரு பயறை எடுத்து நாக்கில் வைத்தாள். வாயை மூடினாள். மெல்லவில்லை, விழுங்கவில்லை. தட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் இரண்டாவது ஊசி இருந்தது.

பயறை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "சிரிங்கம்மா" என்றாள்.

கோகுல் பின்னால் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊசியை வாங்கிக்கொண்டார். "நான் வச்சிருக்கேன். பக்கத்துலயேதான் இருக்கேன்" என்றார்.

நான் சிரித்தேன்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. கொலுவில் என் போனைப் புத்தகத்துக்குப் பதில் வைத்துக் கும்பிட்டார் நங்கை. மீதி மேஜைகளை ரத்து செய்தேன். இளைய இளவரசனோடு மதியச் சாப்பாடு, கடற்கொள்ளையர் விருந்து, எல்லாம்.

காலையில் லக்ஷி ஒரு கரண்டிச் சுண்டல் தின்றாள். ஒரு கரண்டிதான். இரண்டாவதைத் தள்ளிவிட்டாள். கரடிக்கு முதலில் கொடுக்கிறாள், என்னைப் பார்க்கிறாள், பிறகுதான். தட்டை நங்கை கையிலிருந்து வாங்க வைக்கலாம் என்று பார்த்தேன். நங்கை கையை நீட்டவில்லை. அதுவும் நடக்கவில்லை.

நேற்று கோகுல் ஒரு போட்டோ எடுத்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். இப்போதுதான் அனுப்பினார். பெட்டிமேல் பட்டுச்சேலை, டைனோசர், வாயை இறுக்கி மூடிய லக்ஷி. அவளுக்கு எதிரே நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பல்லெல்லாம் தெரிகிறது, கண்ணில் ஒன்றுமே இல்லை. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி இருக்கிறேன்.

அந்த முகத்தை நம்பித்தான் அவள் விழுங்கினாள்.

இரவுக்குச் சாதம் வேகிறது. கண்ணாடி முன்னால் போய் ஒரு தடவை சிரித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும்.